மண்ணில் கிடந்த எலும்பு யாருடையது?

1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் போஸ்னிய செர்பியப் படையிடம் வீழ்ந்ததும், ஏறத்தாழ 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் சில நாள்களுக்குள் கொல்லப்பட்டார்கள். உடல்களைக் கும்பலாகப் புதைத்தவர்கள், பின்னர் குற்றத்தை மறைப்பதற்காக இயந்திரங்களைக் கொண்டு குழிகளைத் தோண்டி, எஞ்சியவற்றை வாரிக்கொண்டுபோய் வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு, மூன்று குழிகளில் சிதறிக் கிடந்ததால், உடையையும் பல்வரிசையையும் பார்த்து அடையாளம் சொல்லும் வழக்கமான முறை பெரும்பாலும் பயன்படவில்லை. 1996இல் தொடங்கப்பட்ட காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணையம் டி.என்.ஏ. ஆய்வையே முதன்மை வழியாக்கியது. எலும்பின் டி.என்.ஏ.வும் உறவினரின் டி.என்.ஏ.வும் ஒத்துப்போகும் முதல் பொருத்தம் 2001 நவம்பரில் அதற்குக் கிடைத்தது.

இறந்த உடலின் மென்திசுக்களில் உள்ள டி.என்.ஏ., நொதிகளாலும் பாக்டீரியாக்களாலும் விரைவில் சிதைந்துவிடுகிறது. எலும்பில் நிலைமை வேறு. எலும்பு செல்கள் கால்சியம் பாஸ்பேட் கனிமத்தால் சூழப்பட்ட நுண்ணிய குழிகளில் அடைபட்டிருக்கின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட டி.என்.ஏ. இழை அந்தக் கனிமத்தின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்வதால், நீரும் நுண்ணுயிரிகளும் அதை எளிதில் நெருங்க முடிவதில்லை. ஆனாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல இழை துண்டுதுண்டாகிறது. வெப்பமும் ஈரமும் அமிலத்தன்மையும் மிகுந்த மண்ணில் இந்தச் சிதைவு இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே தொடையெலும்பின் கெட்டியான நடுப்பகுதி, பற்கள், உட்காதைச் சூழ்ந்துள்ள மிக அடர்ந்த எலும்பு ஆகியவற்றையே ஆய்வாளர்கள் முதலில் தேடுகிறார்கள்.

எடுத்த துண்டின் மேற்பரப்பைச் சிறு சுழல்கருவியால் தேய்த்து நீக்கி, பிளீச்சிலும் தூய நீரிலும் ஆல்கஹாலிலும் கழுவி உலர்த்துகிறார்கள். தொட்டவர்களின் டி.என்.ஏ. ஒட்டியிருப்பது அந்த மேற்பரப்பில்தான். பிறகு, அரைக்கும்போது எழும் சூடு இழையைக் கெடுத்துவிடாதபடி திரவ நைட்ரஜனில் குளிரவைத்துப் பொடியாக்குவது உண்டு. ஒவ்வொரு தொகுதி மாதிரிகளோடும் எலும்புப்பொடி இல்லாத ஒரு குழாயும் எல்லாக் கட்டங்களையும் கடந்து செல்கிறது, அதில் டி.என்.ஏ. தென்பட்டால், எங்கோ கலப்பு நேர்ந்திருக்கிறது என்று பொருள்.

முன்பெல்லாம் பொடியை, கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் வேதிப்பொருளான ஈ.டி.டி.ஏ.வின் கரைசலில் ஊறவைத்துக் கால்சியத்தைப் பிரித்த பின், அந்தக் கரைசலைக் கொட்டிவிடுவது வழக்கம். கனிமத்தோடு ஒட்டியிருந்த டி.என்.ஏ.வும் அதனுடன் போய்விடும். 2007இல் அமெரிக்க ராணுவத்தின் டி.என்.ஏ. அடையாள ஆய்வகத்தினர் வெளியிட்ட முறையில் எதையும் கொட்டுவதில்லை. ஈ.டி.டி.ஏ.வோடு புரதத்தைச் சிதைக்கும் நொதியையும் சேர்த்து, 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரவு முழுவதும் வைத்து, பொடி முழுவதையும் கரைத்துவிடுகிறார்கள். இத்துறையில் நிகழ்ந்த மிகப் பெரிய முன்னேற்றங்களுள் இதையும் ஒன்றாகவே நான் கருதுகிறேன். கரைசல் பழுப்பாக இருந்தால், மண்ணின் ஹியூமிக் அமிலம் கலந்திருக்கக்கூடும். டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையை அது தடுத்துவிடும் என்பதால், டி.என்.ஏ.வைச் சிலிக்காவில் ஒட்டவைத்து மற்றவற்றைக் கழுவி நீக்குகிறார்கள்.

பி.சி.ஆர். மூலம் பெருக்கிப் படிப்பது முழு மரபணுத்தொகுதியையன்று. டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகளில் நான்கைப் போலச் சிலவே கொண்ட சிறு தொடர் அடுத்தடுத்துத் திரும்ப வரும் குறிப்பிட்ட இடங்களில், அது எத்தனை முறை வருகிறது என்று மட்டும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடும். போஸ்னியாவில் இத்தகைய 15 இடங்களைப் பார்த்தார்கள். இழை மிகவும் சிதைந்திருந்தால், ஒரு செல்லில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ பிரதிகள் கொண்ட மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) டி.என்.ஏ. உதவக்கூடும்; ஆனால் தாய்வழி உறவினர் அனைவருக்கும் அது ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், தனியாளை அதனால் சுட்ட முடியாது.

எலும்பின் டி.என்.ஏ.வில் கிடைத்த இந்த எண்ணிக்கைகளை உயிரோடிருக்கும் உறவினர்களின் ரத்தத்தில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டு, உறவு உண்மையானது என்பதற்கான நிகழ்தகவு 99.95 விழுக்காட்டை எட்டினால்தான் ஆணையம் அறிக்கை தருகிறது. ஒரு தாய் தன் இரு மகன்களையும் இழந்திருந்தால், இந்த எண்கூடப் போதாது. இரண்டு எலும்புத் தொகுதிகளும் அவருடைய மகன்களுடையவை என்று சொல்லலாம். மூத்தவர் யார், இளையவர் யார் என்று பெற்றோரின் ரத்தம் சொல்லாது. ஒருவருக்குக் குழந்தை இருந்தால் அதன் மாதிரி விடை தரும். இல்லாவிட்டால் எலும்பின் வயதையும் உயரத்தையும் பழைய முறிவுகளையும் நாட வேண்டியதுதான்.

இவ்வாறு ஸ்ரெப்ரெனிட்சாவில் மாண்டவர்களுள் 7,000 பேருக்கு நெருக்கமானோர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே அடக்கம் செய்யப்பட்ட ஒருவரின் வேறு எலும்பு பின்னர் இன்னொரு குழியில் கிடைப்பதும் உண்டு. அப்போது குடும்பத்தின் ஒப்புதலைப் பெற்று, ஸ்ரெப்ரெனிட்சாவுக்கு அருகிலுள்ள பொட்டோச்சாரி நினைவிடத்தில் உள்ள அவருடைய கல்லறையை மறுபடி திறந்து அதையும் சேர்க்கிறார்கள்.