நோவுக்கு மெஷின் இல்லை

போன வருடம் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரி ஓபிடி வரிசையில் அக்காவோடு இருந்தேன். மேசையில் பிரஷர் பார்த்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள், நிறை பார்த்தார்கள். மூன்றும் துண்டில் இலக்கமாக ஏறின. நாங்கள் எதற்காக வந்தோமோ அதற்கு மட்டும் இலக்கம் இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து வரும்போது பஸ்ஸில் அக்கா எனக்குச் சொன்னது இது: "அடிவயித்தைப் பிடிச்சு முறுக்கிப் பிழியிற மாதிரி. பிறகு நாரிக்குள்ள இறங்கி உளையுது. தொடை வரைக்கும் இழுக்குது." டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அக்காவின் சிங்களம் மரக்கறிக் கடைக்கும் பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவும் காணும், அவ்வளவுதான். ஆகவே அவருக்கு முன்னால் அவ்வளவும் சுருங்கி, "படே ரிதெனவா" என்று வெளியே வந்தது. வயிறு நோகுது. பனடோலும் கேஸ்ட்ரைட்டிஸ் குளிசையும் எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற நேர்ஸ் மிஸ் அரைத் தமிழில், "கலியாணம் கட்டினா சரிவரும்" என்றார். அக்காவுக்கு அப்போது 31 வயது. அந்த வயிற்றுக்குத்தோடு அவள் நாலாவது தடவையாக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

முறுக்குது, உளையுது, எரியுது, குத்துது, விண்விண் என்று தெறிக்குது. தமிழில் நோவுக்கு இத்தனை சொல் இருப்பது அலங்காரத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சொற்கள் உடம்புக்குள் நடக்கும் வேறு வேறு விஷயங்களைக் காட்டுகின்றன என்பது பிறகுதான் விளங்கியது. ஊசி குத்தினால் சுருக்கென்று வரும் முதல் நோ, மெல்லிய உறை உள்ள ஏ-டெல்ட்டா நரம்புகளில் ஓடிவருகிறது. அதற்குப் பின்னால் மந்தமாக வரும் எரிவும் உளைவும் உறையில்லாத சி நரம்புகளின் வேலை. இவை செக்கனுக்கு 2 மீட்டர் தூரத்தைத் தாண்டுவதே அபூர்வம். குடல், கருப்பை போன்ற குழிவான உறுப்பு இறுகினால் நோ அலை அலையாக வந்து போகும். நரம்பே பழுதானால் எரியும், அல்லது கரண்ட் அடிப்பது போல இருக்கும். கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், நோயாளிகள் பாவிக்கும் இப்படியான சொற்களைச் சேர்த்து அடுக்கி, 1975இல் மெக்கில் நோ வினாக்கொத்து என்று வெளியிட்டார். இன்றும் அது பாவனையில் இருக்கிறது. சொல்தான் கருவி. அக்காவின் கருவி ஓபிடி வாசலிலேயே உடைந்துவிட்டது.

பாஷைப் பிரச்சினைதானே, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்தால் முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டொக்டரும் நோயாளியும் ஒரே பாஷை பேசும் நாடுகளிலும் இதே கதைதான். 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, திடீர் வயிற்றுநோவோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்தது. நோ மருந்து கிடைக்க ஆண்கள் சராசரியாக 49 நிமிடம் காத்திருந்தார்கள், பெண்கள் 65 நிமிடம். 2024இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் 20,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். நோவுக்கு ஒரே இலக்கத்தைச் சொல்லியிருந்தாலும் பெண்களுக்கு நோ மருந்து எழுதப்படுவது குறைவாகவே இருந்தது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பது இதை மாற்றவில்லை.

இன்னொரு சோதனை. விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்போது 5 வயதுப் பிள்ளை ஒன்று படும் பாட்டின் வீடியோவைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பாதிப்பேருக்கு அது ஆண்பிள்ளை என்று சொன்னார்கள், மற்றவர்களுக்குப் பெண்பிள்ளை என்று. அதே பிள்ளை, அதே வீடியோ. ஆண்பிள்ளை என்று கேட்டவர்கள் நோவுக்குக் கூடுதல் புள்ளி போட்டார்கள். 2019இல் வந்த முடிவு இது. அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் உண்டாக்கியது பார்த்தவர்களில் இருந்த பெண்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

மற்றவருடைய நோ நம் மூளைக்குள் நேரே வருவதில்லை. முகம், குரல், "இப்படிப்பட்ட ஆட்கள் இப்படித்தான்" என்று முன்பே சேர்த்து வைத்திருக்கும் கணக்கு, இவற்றை வைத்து மூளை ஊகிக்கிறது. நேரம் குறையக் குறைய அந்தப் பழைய கணக்கின் கை ஓங்கும். வாசலில் வரிசை நீண்டுகொண்டே போகும் ஓபிடியில் ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். டொக்டர் கெட்டவராக இருக்கத் தேவையே இல்லை. பெண்கள் கத்துவார்கள், கலங்குவார்கள் என்பது அந்தக் கணக்கில் ஒரு வரி. அழுதால் நாடகம். அழாமல் அமைதியாகச் சொன்னால் அப்படியொன்றும் நோகவில்லைப் போல. எங்கள் அம்மா மாதிரி ஆட்களிடம் "10க்கு எத்தனை?" என்று கேட்டால், டொக்டரைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்று 5 என்பார்.

அறிவியலும் இதில் முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது. நோவைப் பற்றிய முக்கியமான சஞ்சிகை ஒன்றில் 10 வருடமாக வந்த விலங்குச் சோதனைகளை 2005இல் எண்ணிப் பார்த்தபோது, 79 வீதமானவை ஆண் விலங்குகளில் மட்டுமே செய்யப்பட்டிருந்தன. 2015இல் தெரிந்த விஷயம் இன்னும் விசேஷம். நீடித்த நோவை முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணில் தூக்கிப் பிடிக்க ஆண் எலிகள் மைக்ரோகிளியா என்ற கலங்களை நம்புகின்றன. பெண் எலிகளில் அந்த வேலையை வேறு நோயெதிர்ப்புக் கலங்கள் செய்கின்றன.

சரி, அக்காவின் வயிற்றுக்கு வருவோம். மாதவிடாயின்போது கருப்பையின் உள்படலம் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளை விடுகிறது. அது கருப்பைத் தசையை இறுக்கும், இரத்தக் குழாய்களையும் சுருக்கும். இரத்தம் கிடைக்காத தசை கத்துகிறது. மாரடைப்பில் நெஞ்சு நோவதும் இரத்தம் கிடைக்காத தசையால்தான், ஆனால் அதை யாரும் "பொறுத்துக்கொள்" என்பதில்லை. மெஃபனமிக் அசிட், ஐபுபுரோஃபன் போன்றவை புரோஸ்டகிளாண்டின் உண்டாவதையே தடுக்கின்றன. அதனால்தான் நோ உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிடத் தொடங்கும்போதே போட்டால் கேட்கிறது. வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது.

ஆனால் எல்லா மாத நோவும் இது இல்லை. கருப்பைக்குள் இருக்கவேண்டிய படலத்தைப் போன்ற திசு வெளியே, சூலகத்திலும் குடலைச் சுற்றியும் வளர்வது எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 வீதமானோருக்கு, உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல நாடுகளில் கண்டுபிடிக்கவே பல வருடம் எடுக்கிறது. மெல்லிய திட்டுகள் சாதாரண ஸ்கானில் தெரியாமல் போகும். "ஸ்கான் நோர்மல், ஒன்றுமில்லை" என்ற வசனத்தில் முதல் பாதி மட்டும்தான் ஸ்கான் சொன்னது. இரண்டாம் பாதியைச் சொன்னது மனிதர். இந்த இடைவெளியில் நரம்பும் சும்மா இருப்பதில்லை. நாளாக நாளாக நோச் செய்தி வந்துகொண்டே இருந்தால் முண்ணாண் கூர்மையாகிவிடுகிறது. சும்மா தொட்டாலே நோகும். கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் இதை 1983இலேயே காட்டிவிட்டார். காக்க வைப்பதே நோவை வளர்க்கலாம்.

கீழ் வீட்டு சிங்கள அன்ரிதான் கடைசியில் உதவினார். அக்கா சொல்லச் சொல்ல, அவர் பொருத்தமான சொல்லைத் தேடிக் கொடுத்தார். எரிவுக்கு தனவா, பிழிவதற்கு மிரிகனவா. அக்கா அவற்றைத் தமிழ் எழுத்திலேயே ஒரு கொப்பியில் எழுதி, 3 மாதம் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் திகதியும் குறித்தாள்.

அடுத்த கிளினிக்கில் வேறொரு டொக்டர். "மிரிகனவா வகே", பிழியிற மாதிரி, என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எப்போது தொடங்குகிறது என்று கேட்டார். அக்கா கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். இரத்தம் வருவதற்கு 2 நாள் முன்னால், 3 மாதமும். சாதாரண மாத நோ அனேகமாக இரத்தத்தோடுதான் தொடங்கும். அவர் ஒதுக்கி வைத்திருந்த ஸ்கான் ரிப்போர்ட்டை மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு வயிற்றுக்குள் சின்னக் கமரா விட்டுப் பார்க்கும் லப்பரோஸ்கொபிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.