சிறுநீரகம் மாற்றியவருக்குக் காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரும்

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு இருமல் வந்தால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசோலோன் மூன்றும் புதிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் காக்கின்றன. நோய்க்கிருமியைக் கண்டு உடல் காட்ட வேண்டிய காய்ச்சலையும் அவையே அடக்கிவிடுகின்றன. வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் இளைப்பு, சோறு இறங்காமை. பல பேருக்கு வெளியே தெரிவது அவ்வளவுதான்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கட்டும். உட்கார்ந்தபடி 97 காட்டினால் நிம்மதியாகிவிட வேண்டாம். ஒரு நிமிடம் நடந்துவிட்டுப் பாருங்கள். 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினாலும், 94-க்குக் கீழே போனாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா, ஆள் நடக்கும்போதுதான் முதலில் தன்னைக் காட்டும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில்தான். சளிக்கென்று கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு எகிறும். கை நடுங்கும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஏறும். உடம்புவலிக்குப் போடும் டைக்ளோபினாக் நேராகச் சிறுநீரகத்தைத் தாக்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் செய்வது கிளாரித்ரோமைசினுக்கு நேரெதிர்: டாக்ரோலிமஸ் அளவைச் சரித்துவிடும், உடல் சிறுநீரகத்தை ஒதுக்கத் தொடங்கும். நம் பக்கம் காசநோய் அரிதல்ல. ஆகவே காசநோய் மாத்திரை தொடங்கும் முன் சிறுநீரக மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ரிஃபாபுட்டினுக்கு மாற்றலாமா என்று அவர் முடிவு செய்வார்.

மருத்துவமனைக்குப் போகும்போது மருந்துச் சீட்டு, மாற்று செய்த தேதி, கடைசி டாக்ரோலிமஸ் அளவு மூன்றும் கையில் இருக்கட்டும். காலை டாக்ரோலிமஸ் மாத்திரையையும் எடுத்துப் போங்கள். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்த பிறகே அதை விழுங்க வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், அதனால் சி.டி. ஸ்கேன் கேட்பார்கள். குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுக்கும் பரிசோதனைக்குப் பயந்து மறுக்காதீர்கள். சாதாரண பாக்டீரியா, சி.எம்.வி. வைரஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை, நோகார்டியா என்ற வேறுவகை பாக்டீரியா, காசநோய் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமலே மருந்தைத் தொடர்ந்தால் நாள் வீணாகலாம். பிரட்னிசோலோனை நீங்களாக நிறுத்தவே கூடாது, ரத்த அழுத்தம் திடீரென்று விழும்.

மாற்று முடிந்த முதல் மாதத்தில் மருத்துவமனைக் கிருமிகள், அடுத்த ஐந்து மாதம் வாய்ப்புப் பார்த்துத் தாக்கும் பூஞ்சையும் வைரஸும், பிறகு ஊரில் எல்லாருக்கும் வருவது. பொதுவாக இந்த வரிசைதான். அந்த ஆறு மாதமும் நியூமோசிஸ்டிஸ் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை விடாதீர்கள். உடல் ஒதுக்கத் தொடங்கியதற்காகச் சிகிச்சை எடுத்தால் அந்த மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் வயலும் மாடும் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. எருக்குழி கிளறுவதும், மழையில் நனைந்து பூசணம் பூத்த வைக்கோல் பிரிப்பதும் அந்த ஆறு மாதம் அறவே வேண்டாம். பிறகும் என்-95 முகக்கவசம் இல்லாமல் வேண்டாம். புறா எச்சம் கூட்டுவதை வேறு யாராவது செய்யட்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை முதல் வருடம் டி.வி.யில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிமோகாக்கல் தடுப்பூசியும், ஆண்டுதோறும் ஃபுளூ ஊசியும் போடலாம். ஃபுளூ ஊசியை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிப்பது நல்லது. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி எதுவும் கூடாது. ஃபுளூ ஊசி வீட்டில் கூட இருப்பவர்களுக்கும் வேண்டும்.