மரமும் டைல்ஸும் சேருகிற கோடு

லாஃப்ட் வீடு என்று நான் சொல்வது சாமான் ஏற்றி வைக்கும் பரணை அல்ல. உயரமான கூரை, நடுவில் சுவரே இல்லாத ஒரே கூடம், ஓரமாகப் படியேறினால் திறந்த மேல்தட்டு, அந்த மாதிரி வீடு. இதற்குத் தரை வடிவமைக்கச் சொல்லி வருகிறவர்கள் கையில் நிறம் பார்த்துப் பிடித்துப்போன ஒரு மரத்துண்டும் ஒரு டைல்ஸும் இருக்கும். நான் முதலில் இரண்டின் தடிமனைத்தான் கேட்பேன்.

அறை அறையாகத் தடுத்த வீட்டில் மரமும் டைல்ஸும் சேரும் இடம் கதவுக்கு அடியில் மறைந்துவிடும். லாஃப்டில் கதவு ஏது? நட்டநடுக் கூடத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், எல்லோர் காலடியிலும்தான் அவை சேர்ந்தாக வேண்டும்.

ஒரு வீட்டில் கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார்கள். டைல்ஸ் 10 மி.மீ., பசை 5. அந்தப் பக்கம் இன்ஜினியர்டு மரம் (ஒட்டிய மர அடுக்குகளின் மேல் அசல் மரத்தோல் பதித்த பலகை) 14, அடியில் விரிக்கும் ஃபோம் 2. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கால் கண்டுபிடிக்காது. டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு மனசு மாறி, அந்த மரத்துக்குப் பதிலாக 8 மி.மீ. லாமினேட் (நார்ப்பலகையின் மேல் மரம்போல அச்சிட்ட தாள் ஒட்டியது) வாங்கிவிட்டார்கள். இப்போது டைல்ஸ் விளிம்பு 5 மி.மீ. தூக்கி நிற்கிறது. கேட்டால் சின்ன அளவுதான், ஆனால் காலைத் தேய்த்து நடக்கும் வயதானவருக்குப் பெருவிரல் நகம் பெயர அது போதும். என்னைக் கூப்பிட்டபோது சாய்வாக ஒரு உலோகப் பட்டை பொருத்துவதைத் தவிர எதுவும் செய்ய முடியவில்லை. தளமட்டம் போடுவதற்கு முன்பே மரத்தை முடிவு செய்திருந்தால் அந்தப் பட்டையே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு தவறு இதைவிட அதிகம் நடக்கிறது, இடைவெளியை அடைத்துவிடுவது. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் விரியும், வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால் ஒட்டாமல் மிதக்கவிடும் மரத்தரைக்குச் சுவரோரம் முழுக்க 8 முதல் 10 மி.மீ. விட வேண்டும், டைல்ஸ் பக்கமும்தான். சுவரோரத்தை ஸ்கர்ட்டிங், அதாவது சுவரடியில் ஓடும் பட்டை, மூடிவிடும். டைல்ஸ் பக்கம் அந்தப் பிளவு அசிங்கமாகத் தெரிகிறதே என்று கொத்தனார் நல்ல மனதோடு டைல்ஸ் இடுக்கை அடைக்கும் சிமென்ட் கிரவுட்டை வைத்துப் பூசிவிடுவார், அப்புறம் ஈரமான மாதங்கள் வந்ததும் பலகைகள் விரிய இடமில்லாமல் நடுவில் மேடு தட்டி எழும்பும், மிதித்தால் பொதுக்கென்று அமுங்கும். அங்கே கார்க் பட்டையை வையுங்கள், இல்லையென்றால் தளத்தில் மட்டும் பொருத்திய டி வடிவப் பட்டையால் மூடுங்கள். அதன் அடியில் மரம் தாராளமாக நகரட்டும்.

மரக் கட்டுகளை வேலை நடக்கும் கூடத்திலேயே குறைந்தது இரண்டு மூன்று நாள் படுக்க வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். கான்கிரீட் தளம் காய்ந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்: 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட்டுப் பிரித்தால், அடியில் நீர்த்துளியோ கறுத்த தடமோ இருந்தால் இன்னும் காயவில்லை. ஒன்றும் தெரியாவிட்டாலும் ஈரமானி வைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள்.

மேல்தட்டுக்கு நான் டைல்ஸ் சொல்வதில்லை. 10 மி.மீ. டைல்ஸும் 40 மி.மீ. சிமென்ட் கலவையும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். 14 மி.மீ. மரம் 10 கிலோ சுமார்தான். இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கும் தட்டு நடக்க நடக்கக் கொஞ்சம் அசைந்தாலும் டைல்ஸின் இணைப்புகள் விரிசல் விடும். மேலே நாற்காலியை இழுக்கும் சத்தம் நேராகக் கீழே இறங்கும் என்பது தனி. மரத்துக்கு அடியில் நல்ல ஒலித்தடுப்பு விரிப்பு போட்டால் பாதித் தலைவலி போகும்.

சரி, கோட்டை எங்கே போடுவது? சமையல் மேடை விளிம்போடு நிறுத்தாதீர்கள். பாத்திரம் கழுவுகிறவர் இரண்டு காலையும் டைல்ஸ் மீது வைத்து நிற்க வேண்டும், ஃப்ரிட்ஜ் கதவு முழுதாகத் திறந்தாலும் சொட்டும் தண்ணீர் டைல்ஸிலேயே விழ வேண்டும். நான் வெறும் தளத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, வீட்டாரைச் சமைப்பதுபோல அங்கே நடமாடச் சொல்வேன். போன மாதம் ஒரு வீட்டில் அந்தக் கோட்டை மூன்று முறை அழித்துப் போட்டோம், கடைசியில் அது நின்ற இடம் வரைபடத்தில் இருந்ததைவிட 40 செ.மீ. தள்ளி இருந்தது.