லடாக் வீடுகளில் ஃப்ளஷ் கேட்காதீர்கள்

லடாக்கின் மலைக்கிராமத்தில் இன்னொரு குடும்பமும் ஹோம்ஸ்டே தொடங்குவதற்காக, தண்ணீர் ஊற்றாமல் மண் தள்ளி மட்கவைக்கும் உலர் கழிப்பறையை இடித்துவிட்டு ஃப்ளஷ் வைத்திருக்கிறது. கேட்டால், "வர்றவங்க கேக்கறாங்க" என்கிறார்கள். கேட்பது நாம்தான்.

லடாக்கின் முக்கிய நகரமான லேயில் ஆண்டு மழை சுமார் 100 மி.மீ. பனி உருகி வரும் ஓடைத் தண்ணீரை முறை வைத்துத்தான் பார்லி வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். பத்துப் பேர் தங்கி, ஆளுக்கு ஐந்து முறை ஃப்ளஷ் செய்தால், ஒரு தடவைக்கு 6 லிட்டர் என்றாலும் நாளுக்கு 300 லிட்டர். அது இறங்குவது, செப்டிக் டேங்க் என்ற பெயரில் அடியில் பூச்சே இல்லாமல் தோண்டிய குழிக்குள். சரளை மண் என்பதால் கழிவுநீர் தங்காமல் கீழே இறங்கிவிடும். சில அடி தள்ளிப் போர்வெல் இருக்கும். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிப்பது தனி.

"உலர் கழிப்பறையா? அதைச் சட்டமே தடை செய்துவிட்டதே!" என்று படித்தவர்களே சொல்வதுதான் பொறுக்க முடியவில்லை. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது, மலம் முழுமையாக மட்கும் முன்பே அதை மனிதர் கையால் அள்ள வேண்டியிருக்கும் கழிப்பிடத்தை. நம் ஊர் எடுப்புக் கக்கூஸ் அந்த வகை. சாதியின் பெயரால் ஒருவரை அன்றாடம் அள்ள வைத்த கொடுமை அது. லடாக்கில் நடப்பதே வேறு. மேல்மாடித் தரையில் ஒரு துவாரம், கீழே மூடிய அறை. ஒவ்வொரு முறையும் மண்ணும் அடுப்புச் சாம்பலும் ஒரு மண்வாரி அளவு தள்ளுவார்கள். மட்கியதை வீட்டுக்காரர்களே எடுத்துத் தங்கள் வயலில் போடுவார்கள். எடுக்கும்போது அது மண்தான்.

நாற்றம் வருவது ஈரத்தால். தண்ணீர் ஊற்றினால் காற்றுப் புகாமல் அழுகும். நம்மவர்கள் கால் கழுவும் பழக்கத்தில் ஒரு வாளியை அப்படியே துவாரத்தில் கவிழ்த்துவிடுகிறார்கள். ஒரு வாரம் இப்படி நடந்தால் போதும், அறை முழுக்கச் சேறு.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது: விருந்தினர் வந்தால் ஒரே அறை போதாது, இரண்டு வேண்டும். ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைத் திறங்கள். அந்தக் குளிரில் மூடிய அறைக்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் கொடுங்கள். அவசரப்பட்டால் குடற்புழு முட்டை உயிரோடு வயலுக்குப் போகும். நாற்றம் வெளியேற, கீழறையிலிருந்து கூரைக்கு மேலே எழும் 4 அங்குலக் கருப்புக் குழாய், அதன் வாயில் கொசுவலை. கழுவுவதற்குப் பக்கத்தில் தனி இடம். அந்தத் தண்ணீர் மரத்தடிக்குப் போகட்டும்.

போகிறவர்களுக்கு: நாப்கின், வெட் வைப்ஸ், பிளாஸ்டிக் எதையும் உள்ளே போடாதீர்கள். திரும்பக் கொண்டுவாருங்கள். மண்ணைத் தள்ளாமல் வெளியே வராதீர்கள். அறை பதிவு செய்யும்போதே, "உங்கள் பழைய கழிப்பறை இருக்கிறதா? அதுவே போதும்" என்று கேளுங்கள், தயவுசெய்து. அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த வீட்டுக்காரர் கடப்பாரையைக் கீழே வைப்பார்.