ஸூனோசிஸ் – விலங்குவழித் தொற்று: சொல் விளக்கம்

முதுகெலும்புள்ள விலங்குகளுக்கும் மனிதருக்கும் இடையே இயல்பாகப் பரவுகின்ற நோய்களையும் தொற்றுகளையும் மருத்துவ உலகம் ‘ஸூனோசிஸ்’ என்கிறது. வெறிநாய்க்கடி நோய், எலிக்காய்ச்சல், அடைப்பான், நிபா ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. மலேரியாவைக் கொசு பரப்பினாலும், அதன் பெரும்பாலான வகைகள் மனிதரிடமிருந்து மனிதருக்கே செல்கின்றன என்பதால் அது பொதுவாக இதில் அடங்குவதில்லை. அங்கே கொசு வெறும் கடத்தி.

‘ஸூவான்’ என்றால் கிரேக்க மொழியில் விலங்கு. ‘நோசோஸ்’ என்றால் நோய். (நம் ‘நோய்’ இந்த ‘நோசோஸ்’ போல ஒலிப்பதைக் கண்டு உறவு கொண்டாடத் தோன்றும், ஒலியொற்றுமைக்கு மேல் அதற்குச் சான்று இல்லை.) இச்சொல்லை 19ஆம் நூற்றாண்டில் ஆக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ என்பர். பன்றி இறைச்சியின் வழியே மனிதரைத் தாக்கும் டிரிக்கினெல்லா என்னும் புழுவை ஆராய்ந்தவர் அவர். சொல்லின் உறுப்புகளில் மனிதரும் இல்லை, பரவுதலும் இல்லை. மேலே சொன்ன விரிந்த பொருளை 1950களில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு உறுதிப்படுத்தியது.

தமிழில் சில இடங்களில் காணப்படும் ‘விலங்கியல் நோய்’ பிழையான ஆக்கம். விலங்கியல் என்பது ஒரு படிப்பு, அதற்கு நோய் வராது. ‘விலங்கு நோய்’ கிரேக்க மூலத்துக்கு நேராக இருந்தாலும், மாடுகளை வாட்டும் கோமாரியைத்தான் நினைவூட்டும். ‘விலங்குவழி நோய்’ பொருந்தும். எனினும் ‘விலங்குவழித் தொற்று’ இன்னும் செம்மையானது. ஏனெனில் நிபா வைரஸைத் தாங்கியிருக்கும் பழந்தின்னி வௌவால் தானாக நோயுறுவதில்லை, அதனிடம் இருப்பது தொற்று மட்டுமே. செய்தித்தாள்களில் மிகுதியாக வரும் ‘விலங்குகளால் பரவும் நோய்’ என்ற தொடரில் எனக்கு உடன்பாடில்லை. ‘ஆல்’ உருபு விலங்கைச் செய்பவராக நிறுத்துகிறது. ‘வழி’ பாதையை மட்டும் சுட்டுகிறது. இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று என்பதற்குக் கியாசனூர் காட்டு நோயே சான்று.

1957ஆம் ஆண்டு, இன்றைய கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் காட்டை ஒட்டிய ஊர்களில் மக்கள் கடுங்காய்ச்சலில் விழுந்தபோது, காட்டுக்குள் மந்திகளும் நாட்டுக்குரங்குகளும் செத்துக் கிடந்தன. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்றுகூட முதலில் அஞ்சினர். ஆராய்ந்தபோது கிடைத்தது அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ். பரப்புவது காட்டு உண்ணி. கன்னடத்தில் இதை ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய், என்கின்றனர். நம் பக்கத்தில் ‘குரங்குக் காய்ச்சல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் குரங்கோ மனிதரைப் போலவே உண்ணிக் கடிக்கு ஆளாகி மாண்டுபோகும் உயிர். அது செத்ததும் உடலிலிருந்த உண்ணிகள் சுற்றிலும் உதிர்ந்துவிடும். ஆகவேதான் சடலத்தைச் சுற்றி 50 அடி வரை பூச்சிமருந்து தூவும் வழக்கம் உண்டானது. பாக்குத் தோட்டத்துக்குத் தழையும் சருகும், அடுப்புக்கு விறகும் சேர்க்கக் காட்டுக்குள் செல்பவர்கள், கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளம் உண்ணிகள் ஊர்ந்து திரியும் கோடைக்கு முந்தைய மாதங்களில் அந்த இடத்தை மிதித்தால் நோய் தொற்றும்.

உண்ணி பெருகியதற்குக் காடு மாறியதும் ஒரு காரணம் என்கின்றனர் ஆய்வாளர்கள். மரங்களை வெட்டி வயலும் தோட்டமும் ஆக்கியதில் காட்டின் விளிம்பு நீண்டது. விளிம்பில் லண்டானா புதர் மண்டியது. அதில் எலி முதலிய சிற்றுயிர்கள் குடியேறின. மேய்ச்சலுக்கு வந்த மாடுகள் வளர்ந்த உண்ணிகளுக்குக் குருதி அளித்து அவற்றின் தொகையை ஏற்றிவிட்டன. அந்த லண்டானாவைத் தமிழ்நாட்டில் உண்ணிச்செடி என்றே அழைக்கிறோம் என்பது தற்செயலான பொருத்தம். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதும் கர்நாடகத்தின் சில மாவட்டங்களுக்குள்ளேயே நின்ற நோய், 2012 முதல் அம்மாநிலத்தின் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா எனப் பல இடங்களில் தலைகாட்டியது. இத்தனைக்கும் குரங்கின் மீது பெயரைச் சுமத்தினால், மக்கள் குரங்கை விரட்டுவார்களே தவிரக் காட்டு விளிம்பைக் கவனிக்க மாட்டார்கள். விலங்கின் பெயர் தாங்கிய நோய்ப்பெயர்களை உலக சுகாதார நிறுவனமும் இப்போது தவிர்க்கிறது. குரங்கம்மைக்கு 2022இல் ‘எம்பாக்ஸ்’ என்று புதுப்பெயர் சூட்டியது.

வரையறையில் ‘இடையே’ என்று வருவதால், திசை இரண்டும் அடக்கம். 2021 ஜூனில் சென்னைக்கு அருகே வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்று உறுதியாகி, இரண்டு சிங்கங்கள் இறந்தன. இப்படி மனிதரிடமிருந்து விலங்குக்குச் செல்வதை மட்டும் தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், ‘தலைகீழ் ஸூனோசிஸ்’ என்று பாதி மொழிபெயர்ப்பதைவிட ‘மனிதர்வழித் தொற்று’ என எழுதலாம்.