ஆண்டெனாவைக் கழற்றியும் அசையாத முள்

தடைக்காலம் வந்தால் பாம்பன் கரையில் எனக்கு வேலை கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பலகை மாற்றுவது, இஞ்சினைப் பிரிப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். கூடவே வயர்லெஸ் செட்டையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஒரு தடைக்காலத்தில் என் மாமா கூப்பிட்டார். "எல்லாரும் பேசுறது எனக்குக் கேக்குது மாப்பிள்ளை. நான் பேசுறதுதான் ஒருத்தனுக்கும் எட்டல."

போய்ப் பார்த்தேன். செட்டைத் தனியாகக் கழற்றி, ஆண்டெனாவுக்குப் பதிலாக வைக்கும் மின்தடையான டம்மி லோடில் மாட்டினால் முழு 25 வாட் வருகிறது. கேபிளின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் பீப் அடிக்கிறது, நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் ஷார்ட் இல்லை. அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1.5 காட்டுகிறது. 1 என்றால் எதுவுமே திரும்பவில்லை என்று பொருள். 1.5 வந்தால் யாரும் ஆண்டெனாவைக் குறை சொல்லமாட்டார்கள்.

அப்புறம் கனெக்டரைத் துடைக்கலாம் என்று கம்பத்தில் ஏறி ஆண்டெனாவைக் கழற்றினேன். கீழே பையனிடம் செட்டை 1 வாட்டில் வைத்து ஒரு நொடி மட்டும் அழுத்தச் சொன்னேன். மீட்டர் முள் 1.5-ஐ விட்டு நகரவே இல்லை.

ஆண்டெனாவே இல்லை, ஆனால் மீட்டர் நல்ல ஆண்டெனா இருப்பதாகச் சொல்கிறது. இதை யோசித்துப் பார்த்தபோதுதான் உயர் அதிர்வெண்ணில் அளப்பது என்றால் என்ன என்பது எனக்கு உண்மையாகவே புரிந்தது.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் ஒருபுறம் அமைதியான பெண் கடல், மறுபுறம் சீறும் ஆண் கடல். சாய்வான மணலில் ஏறும் அலை மெல்ல ஓய்ந்து அடங்கிவிடும். அதே அலை துறைமுகச் சுவரில் மோதினால் திரும்பி வந்து, எதிரே வரும் அலையோடு சேர்ந்து ஒரே இடத்தில் எழுந்து எழுந்து அமரும். கேபிளுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. செட், கேபிள், ஆண்டெனா மூன்றும் 50 ஓம் என்று ஒத்திருந்தால், போன அலை மணலேறிய அலைபோல ஆண்டெனாவில் கரைந்து காற்றுக்குப் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் ஒரு பங்கு திரும்பும். திரும்புகிற அலையின் அளவு இரண்டு ஓம்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. 50 ஓம் இணைப்பில் டிவி டிஷ்ஷின் 75 ஓம் கேபிளை மாட்டினால் 25-ஐ 125-ஆல் வகுத்து 0.2. சக்திக் கணக்கு அதன் வர்க்கம் என்பதால் அந்த இணைப்பில் திரும்புவது 4 சதவீதம். டிஷ் கேபிள் போட்டதைப் பெரிய குற்றம்போலப் பேசுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கரையில் படகு வயர்லெஸ்ஸைக் கொல்வது வேறு ஒன்று.

முதலில் மல்டிமீட்டர் ஏன் ஏமாந்தது என்று பார்ப்போம். அது அனுப்புவது நேர்மின்னோட்டம். அதற்குக் கம்பி ஒரு பாதை மட்டுமே. முனைக்கு முனை தொடர்பு இருந்தால் சரி என்றுவிடும். அவசர அழைப்புக்கான சேனல் 16 இயங்குவது 156.8 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்குப் பதினைந்தரைக் கோடிக்கும் அதிகமான அதிர்வுகள். காற்றில் அதன் அலைநீளம் 1.91 மீட்டர். கேபிளுக்குள் வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைவதால் அலையும் சுருங்கி ஏறத்தாழ 1.26 மீட்டராகிறது. மாமாவின் படகில் இருந்த 12 மீட்டர் கேபிளுக்குள் ஒரே சமயத்தில் ஒன்பதரை அலைகள் வரிசையாக ஓடும். ஒரே கம்பியில் இங்கே மேடு, ஏறத்தாழ ஒன்றரை முழம் தள்ளிப் பள்ளம்.

இன்னொன்றும் உண்டு. இத்தனை வேகமாக அதிரும் மின்னோட்டம் செம்பின் உள்ளே இறங்காது, மேல்தோலில் மட்டுமே ஓடும். 156.8 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் கனம் சுமார் 5 மைக்ரோமீட்டர், தலைமுடியின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாம்பன் பாலத்தின் இரும்பையே விடாத உப்புக்காற்று முதலில் கைவைப்பது அந்தத் தோலில்தான். செம்புப் பின்னல் கறுத்துப் பச்சை பூத்துவிட்டாலும் உள்ளே செம்பு இருக்கும், மல்டிமீட்டர் பீப் அடிக்கும். உயர் அதிர்வெண் அலைக்கோ அது சேறு படிந்த வாய்க்கால். போகப் போகச் சூடாகிக் கரைந்துவிடும்.

எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஏமாந்ததும் இதனால்தான். அது செட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது. போகும் வழியில் கேபிள் பாதியைத் தின்று, மேலே மோதித் திரும்பும் வழியில் மிச்சத்தையும் தின்றுவிட்டால், மீட்டருக்கு வந்து சேர்வது சொற்பம். குறைவாகத் திரும்பினால் நல்லது என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே கணக்கு.

இந்த மர்மத்தைப் பிரித்துக் காட்டும் கருவிக்கு வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்று பெயர். 1967-இல் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் கொண்டுவந்த 8410 ஆய்வுக்கூட மேசையை அடைத்துக்கொள்ளும் இயந்திரம். இன்றைக்கு ஜப்பானில் ஒருவர் வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்ட நானோ விஎன்ஏ சட்டைப்பைக்குள் அடங்குகிறது, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. இது நம் கரைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி மாளாது.

அது வேலை செய்யும் விதம் எளிது. குடம் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம் இல்லையா? நாம் ஒரு தட்டு தட்டுகிறோம், குடம் பதில் சொல்கிறது. கீறல் இருந்தால் குரல் மாறும். இந்தக் கருவியும் தட்டுகிறது, ஆனால் ஒவ்வொரு சுருதியாகத் தட்டுகிறது. 100 மெகாஹெர்ட்ஸில் சின்னதாக ஒரு அலையை அனுப்பும், பதிலைக் குறித்துக்கொள்ளும், அடுத்த அதிர்வெண்ணுக்குப் போகும். இப்படி 101 புள்ளிகள், ஏறத்தாழ ஒரு நொடியில். உள்ளே 50 ஓம் மின்தடைகள் கொண்ட ஒரு பாலச் சுற்று இருக்கிறது. வெளியே மாட்டியதும் சரியாக 50 ஓம் என்றால் பாலம் சமநிலையில் நிற்கும், திரும்புவது எதுவுமில்லை. மாறினால் சமநிலை குலையும். அந்தக் குலைவுதான் திரும்பி வரும் அலை.

கோடிக்கணக்கில் அதிரும் அலையை நேரடியாக எண்ணுவது கடினம். அதனால் போன அலை, வந்த அலை இரண்டையும் இன்னொரு அலையோடு கலந்து சில கிலோஹெர்ட்ஸுக்கு, அதாவது நம் காது கேட்கும் அளவுக்கு இறக்கிக்கொள்கிறது. அப்புறம் பாட்டுக் கருவிகளில் இருக்கும் ஒலிச் சில்லு ஒன்றே அதை எண்களாக்கிவிடுகிறது. இந்த யோசனைதான் விலையை இவ்வளவு இறக்கியது.

இரண்டையும் ஒப்பிடும்போது அளவை மட்டும் பார்ப்பதில்லை, வந்த அலை எத்தனை பாகை பின்தங்கியிருக்கிறது என்பதையும் பார்க்கிறது. பெயரில் வெக்டர் வந்தது அதனால்தான். அந்தப் பின்தங்கலில்தான் தூரம் ஒளிந்திருக்கிறது.

ஆனால் அளப்பதற்கு முன் கருவிக்கு ஒரு பாடம் சொல்லித்தர வேண்டும். முனையைத் திறந்து வைத்து ஒன்று, ஷார்ட் செய்து ஒன்று, 50 ஓம் மாட்டி ஒன்று என மூன்று முறை அளக்கச் சொல்கிறோம். திறந்த முனையில் அலை முழுதும் அப்படியே திரும்பும், ஷார்ட்டில் முழுதும் தலைகீழாகத் திரும்பும், 50 ஓமில் எதுவும் திரும்பாது. பதில் தெரிந்த மூன்று கேள்விகள். இவற்றை வைத்துக் கருவி தன் சொந்தப் பிழையைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். அவசரத்தில் இதை விட்டுவிட்டு அளக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்களை நம்பி எதையும் வெட்டாதீர்கள்.

சரி, மாமாவின் கேபிளுக்கு வருவோம். ஆண்டெனா மாட்டிய நிலையில் 100 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரை வருடிப் பார்த்தேன். நல்ல ஆண்டெனா என்றால் திரையில் ஒரு பள்ளம் தெரிய வேண்டும். தனக்குரிய அதிர்வெண்ணில் மட்டும் அலையை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவதுதான் ஆண்டெனாவின் குணம். இங்கே பள்ளமே இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஒரு கோடு, அதில் லேசான நெளிவு. ஆண்டெனாவைக் கழற்றினேன், கோடு மாறவில்லை. திரும்பியது அனுப்பியதைவிட 14 டெசிபல் குறைவு. இது போய் வந்த கணக்கு. ஒருவழிக்கு 7 டெசிபல், அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் மேலே போகிறது. செட் 25 வாட் கொடுக்க, ஆண்டெனாவுக்கு வந்து சேர்ந்தது அதிகம் போனால் 5 வாட். கேட்பதிலும் இதே இழப்பு உண்டு. உயரமான கரை நிலையங்களும் பக்கத்துப் படகுகளும் வலுவாக வந்ததால் மாமாவுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

பழுது எந்த இடத்தில் என்பதை அந்த நெளிவு சொன்னது. கோடு ஏறத்தாழ 11 மெகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. கனெக்டரில் பட்டுத் திரும்பும் சிறு அலையும், தூரத்தில் எங்கோ பட்டுத் திரும்பும் இன்னொரு அலையும் சில அதிர்வெண்களில் சேர்கின்றன, சிலவற்றில் ஒன்றையொன்று அழிக்கின்றன. தூரம் கூடினால் நெளிவு நெருக்கமாகும். கேபிளில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர். அதை 11 மெகாஹெர்ட்ஸின் இரு மடங்கால் வகுத்தால் 9 மீட்டர் வருகிறது. கருவியையே இந்தக் கணக்கைப் போடச் சொன்னால், அதிர்வெண் வரைபடத்தைக் கால வரைபடமாக மாற்றி, சுமார் 90 நானோநொடியில் ஒரு சிறு மேட்டைக் காட்டும். படகில் இருக்கும் எக்கோ சவுண்டர் ஒலியை அடிக்கு அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்வது இதே தத்துவம். தண்ணீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டர் போகும், கேபிளில் அலை ஒரு நானோநொடிக்கு 20 சென்டிமீட்டர் போகும்.

மாமாவிடம் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப கேபிளுக்கே எக்கோ போட்டுப் பாத்துட்டேன்னு சொல்லு."

9 மீட்டரில் கம்பத்தின் மேல்பாதியில் ஒரு ஒட்டு இருந்தது. என்றைக்கோ எலக்ட்ரிகல் டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். வெயிலில் டேப் பிளந்து, மழையும் சாரலும் உள்ளே இறங்கி, பின்னலின் இழைகளுக்கிடையே விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல இழுபட்டு, ஒட்டுக்குக் கீழே செட் வரைக்கும் போயிருக்கிறது. உரித்துப் பார்த்த இடமெல்லாம் கறுப்பு. ஒட்டுக்கு மேலே இருந்த 3 மீட்டர் மட்டும் இன்னும் செம்பு நிறம்.

முழுக் கேபிளையும் மாற்றினோம், இந்த முறை ஒட்டே இல்லாமல். மேல் கனெக்டரில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன்மேல் சாதா டேப். மறுபடி வருடியபோது திரையில் அழகாக ஒரு பள்ளம், ஆனால் 151 மெகாஹெர்ட்ஸில். பள்ளம் விழும் அதிர்வெண் வேண்டியதைவிடக் குறைவாக இருந்தால் ஆண்டெனாக் கம்பி நீளம் என்று பொருள். பாம்பனின் கடல் ஓசை வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, அதற்குக் கால் அலை 83 சென்டிமீட்டர். சேனல் 16-க்கு 48 சென்டிமீட்டர்கூட வேண்டாம், நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறைத்தே வெட்டுவோம். 1939-இல் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் பிலிப் ஸ்மித் வெளியிட்ட வட்ட வரைபடமும் இந்தக் கருவியின் திரையில் உண்டு. ஆண்டெனாவின் அடியிலேயே அளந்தால், கம்பி நீளமாக இருக்கும்போது புள்ளி வட்டத்தின் மேல்பாதியிலும் குட்டையாக இருக்கும்போது கீழ்ப்பாதியிலும் நிற்கும். நடுவுக்கு வந்தால் 50 ஓம். அரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்தோம். 156.8-இல் திரும்புவது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

இப்போது எந்தப் படகில் ஏறினாலும் முதலில் ஆண்டெனாவைக் கழற்றித்தான் அளக்கிறேன். 12 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் புதிதாக இருந்தால், மேல்முனை திறந்த நிலையில் திரும்பும் அலை 5 டெசிபல் அளவுக்குத்தான் குறைந்திருக்க வேண்டும். 10-க்கு மேல் போனால், ஆண்டெனா மாட்டியபின் எஸ்டபிள்யூஆர் எவ்வளவு நன்றாக வந்தாலும், அந்தக் கேபிளை இறக்கிவிடுகிறேன்.