அண்டக்கதிருக்கு ஏன் இந்த 'வீச்சு'?

கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சி. கோலார் தங்கவயல் சுரங்கத்தை அட்டையில் செய்து, 'நிலத்தடியில் காஸ்மிக் கதிர்வீச்சு' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: "என் மாமனார் அங்கேதான் வேலை பார்த்தார், சார். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். இந்தக் கதிர்வீச்சுதான் காரணமா?"

சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சைக் கெடுப்பது பாறைத் தூசி என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கண் அந்த அட்டையை விட்டு நகரவில்லை.

சொல்லின் கதை சிறியது. 1912-இல் இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி, விண்வெளியிலிருந்து வரும் இந்தத் துகள் மழை மேலே போகப் போகக் கூடுவதைக் கண்டார். 1925-இல் இன்னொரு இயற்பியலாளர் மில்லிகன் 'காஸ்மிக் கதிர்' என்று பெயரிட்டார். காஸ்மாஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒழுங்கு, அண்டம் என்று பொருள். தமிழில் அண்டக்கதிர். இதில் என்ன குறை கண்டு 'வீச்சு' சேர்த்தார்கள்?

துகளும் கதிர்வீச்சில் அடக்கம்தானே என்று இயற்பியல் படித்தவர்கள் கேட்பார்கள். பாடநூலில் அடக்கம்தான். ஊரில் அந்தச் சொல்லுக்கு அணு உலை, எக்ஸ்ரே, புற்றுநோய் என்றே பொருள். போதாததற்கு, அண்டம் முழுக்கப் பரவிய நுண்ணலைப் பின்னணியையும் கதிர்வீச்சு என்கிறோம், அது ஒளி. அண்டக்கதிரோ பெரும்பாலும் புரோட்டான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவன் எதைப் பிடிப்பான்?

தங்கவயலில் நடந்ததோ நேர்மாறு. பூமிக்குள் இறங்க இறங்க அண்டக்கதிர் குறையும், பாறையே சல்லடை. அண்டக்கதிர் காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. தரைக்கு மேலே உள்ளங்கை அளவு இடத்தில் நிமிடத்துக்குப் பல பத்து மியூவான்கள் விழுகின்றன. இயற்பியலாளர் ஸ்ரீகண்டன் முதலானோர் மட்டம் மட்டமாக இறங்கி அவற்றை எண்ணினார்கள். ஏறக்குறைய 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. அந்த அமைதியை நம்பித்தான் அதே சுரங்கத்தில், பாறையையும் எளிதில் ஊடுருவும் நியூட்ரினோ என்ற துகளைத் தேடினார்கள், 1965-இல் கண்டார்கள். அண்டக்கதிர் மிகக் குறைந்த இடத்துக்குக் 'கதிர்வீச்சு' என்று அட்டை எழுதுவது எவ்வளவு பெரிய பிழை!

கதிர் என்ற சொல் தனியாகவே போதும். நம் பக்கத்துக் கேழ்வரகுக் கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே தண்டு, உச்சியில் விரல் விரலாகப் பிரிந்து, விரல் நெடுக மணிகள். வானத்தின் உச்சியில் காற்றில் மோதும் ஒரு புரோட்டானும் அப்படித்தான் கிளை கிளையாகப் பிரிந்து மியூவான்களாய் உதிர்கிறது. கதிரில் மணி உண்டு. வீச்சில் அது இல்லை.

'வீச்சு' சேர்க்கும் இதே ஆட்கள் மியூவானைக் 'கன எலக்ட்ரான்' என்றும் எழுதுகிறார்கள். எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 207 மடங்கு நிறை உண்டு என்பது சரி. ஆனால் எலக்ட்ரான் சிதையாது. மியூவானின் சராசரி ஆயுளோ 2.2 மைக்ரோநொடி. மியூ என்ற கிரேக்க எழுத்தில் பிறந்த பெயர் அது. மியூவான் என்றே எழுதுங்கள்.